எட்டாம் வகுப்புக்கு வந்த கிழங்கு

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள். இதில் நான் செய்த ஒரு பிழையும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நாளும் எழுதாமல் வைத்திருந்தேன். அந்தப் பிள்ளையின் உம்மாவிடம் கேட்டு, அவர் "எழுதுங்க டீச்சர், நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். பேர், பாடசாலை எதுவும் போடவில்லை. தெரிந்தவர்கள் கீழே சொல்லிவிடாதீர்கள்.

நோன்பு லீவுக்கு முந்திய கிழமை. எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம். நிலக்கீழ்த் தண்டுகள் பாடம். அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்த ஒரு விசயம், பிள்ளை தொட்டுப் பார்க்காத பொருளைப் பிள்ளை மறந்துபோகும் என்பது. அதை நம்பித்தான், "நாளைக்கு எல்லாரும் வீட்டிலிருந்தோ வளவிலிருந்தோ மண்ணுக்குக் கீழே விளைகிற ஒன்றைக் கொண்டு வாங்க. வேரா தண்டா என்று நாமே கண்டுபிடிப்போம்" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த நாள் வகுப்பு குட்டிச் சந்தைதான். உருளைக்கிழங்கு, வெங்காயம், உள்ளி, கரட். இஞ்சி நாலைந்து பேர்தான், அதுவும் சின்னத் துண்டு. அப்போதைய விலைக்கு எந்த உம்மா முழுசாகக் கொடுத்திருப்பார்? ஒருவன் வத்தாளைக்கிழங்கு, இன்னொருத்தி மரவள்ளி. வயல்காரர் ஒருவரின் மகன் ஒரு சொப்பிங் பேக் நிறையக் கோரைக்கிழங்கு கொண்டு வந்திருந்தான். "வாப்பா சொன்னார், எவ்வளவு வேணுமெண்டாலும் அள்ளிக்கிட்டுப் போ எண்டு." வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். ஒரு பிள்ளை தம்பியின் கையிலிருந்த வசம்புக் காப்பையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பனங்கிழங்கு கொண்டு வந்தவனுக்கு, அது தண்டுமில்லை வேருமில்லை, முளைத்து வருகிற பனை நாற்று என்று சொன்னதும் முகம் சுருங்கிப் போனது.

பாடம் நன்றாகத்தான் போனது. வேரா தண்டா என்று பார்ப்பது கஷ்டமில்லை. கணு இருக்கிறதா, அந்தக் கணுவில் அரும்பு இருக்கிறதா, காய்ந்த செதிலிலை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். இஞ்சியை வெளிச்சத்தில் பிடித்தால் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும். அதெல்லாம் கணுக்கள். உருளைக்கிழங்கின் "கண்" என்கிறோமே, அதுவும் கணுவும் அரும்பும்தான், ஆகவே அது தண்டு. வத்தாளையில் அந்த ஒழுங்கில் கண் கிடையாது, அது பருத்த வேர். மரவள்ளியும் கரட்டும் வேர்தான். வெங்காயத்தை நெடுக வெட்டினால் அடியில் தட்டையாக ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான் தண்டு. நாம் சாப்பிடுவதெல்லாம் இலை. இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை, "அப்ப வெங்காயச் சம்பல் கீரைச் சம்பலா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்கே பதில் வரவில்லை.

பிறகுதான் என் பிழை. இஞ்சியையும் மஞ்சளையும் கீறித் துண்டுகளாக்கி, "முகர்ந்து பாருங்க, நுனியைக் கொஞ்சம் கடிச்சும் பாருங்க" என்றேன். காரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல நினைத்துத்தான் அப்படிச் செய்தேன். பிள்ளைகளுக்குக் குஷி. நான் இரண்டையும்தான் சொன்னேன். பிள்ளைகளின் காதில் "கடிச்சுப் பாருங்க" மட்டும்தான் விழுந்தது.

கடைசி வரிசையில் ஒருவன். அதிகம் பேசாத பிள்ளை. வாப்பா கட்டாரில். அவன் கொண்டு வந்தது மேசை மேசையாகக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. விரல் தடிப்பு, மண்ணிறத் தோல், வழுவழுப்பு. நடுவில் மடங்கி, கலப்பை மாதிரி இரண்டு பக்கமும் நீண்டிருந்தது. நுனியில் கூர். இஞ்சி வாசம் இல்லை.

"என்ன மனே இது?"

"தெரியா டீச்சர். இஞ்சி எண்டு நினைச்சன். கடற்கரைப் பக்கம் எங்கட வேலிக்குக் கீழ கிண்டினன்."

எனக்கும் தெரியவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். பயிற்சி முடித்து இத்தனை வருசம் விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு அந்தக் கிழங்கு என்னவென்று தெரியவில்லை. பக்கத்து வகுப்பில் இருந்த தமிழ் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கையில் வாங்கவே இல்லை.

"ஐயோ டீச்சர், இது கார்த்திகைப்பூக் கிழங்கெல்லோ! ஆரும் வாயில வச்சதுகளோ?"

அவரது ஊர்ப்பக்கம் அந்தப் பூவைத் தெரியாதவர்கள் இல்லை. நமக்கும் தெரியும். சிவப்பும் மஞ்சளுமாக நெருப்பு எரிவது போல, இலை நுனியால் வேலியைப் பற்றிக்கொண்டு ஏறுமே, அந்தக் கொடி. சிங்களத்தில் நியங்கலா. மாரி மழையோடு பூக்கும். ஆனால் இது மழை முடிந்து கொடி காய்ந்துபோன நேரம். பூ இருந்திருந்தால் சின்னப் பிள்ளையும் சொல்லியிருக்கும். கிழங்கு மட்டும் தனியாகக் கிடந்தால் வத்தாளை என்றும் நினைக்கலாம், இஞ்சி என்றும் நினைக்கலாம்.

வகுப்புக்கு ஓடி வந்து கேட்டேன். முதலில் ஒருவரும் கை தூக்கவில்லை. கேட்கிற டீச்சரின் முகம் மாறினால் பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள். நான் குரலைத் தாழ்த்தி, "ஏச மாட்டன், சொல்லுங்க" என்றேன். அவன்தான் எழும்பினான். "நீங்க கடிக்கச் சொன்னீங்கதானே டீச்சர், நானும் என்டத ஒரு கடி கடிச்சன். கசந்திச்சு. துப்பிட்டன்."

அந்த வார்த்தை இன்னும் என் காதில் கிடக்கிறது.

வாயைக் கொப்புளிக்க வைத்து, மிச்சக் கிழங்கைப் பையில் போட்டுக்கொண்டு, அதிபரிடம் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில்தான் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. "ஒண்டுதான் கிண்டினியா?"

"இல்ல டீச்சர். அஞ்சாறு. மத்தத கழுவிக் குசினிக் கூடைக்குள்ள வச்சன். உம்மாக்கு இஞ்சி இல்லையே எண்டு."

அவன் உம்மாவுக்குக் கோல் எடுத்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை எடுத்தார். கூடையில் மகன் என்னவோ கிழங்கு வைத்திருக்கிறான், பின்னேரம் வத்தாளையோடு சேர்த்து அவிக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தாராம். வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்றும் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கிழங்கைப் பார்த்ததும் டொக்டர் ஒன்றும் மேலதிகமாகக் கேட்கவில்லை. கரி கலக்கிய மருந்து குடிக்கக் கொடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், வார்ட்டில் போட்டார்கள். கிழங்கைக் கையோடு கொண்டு வந்தது நல்லது, இல்லாவிட்டால் என்ன நஞ்சு என்று தேடுவதிலேயே நேரம் போயிருக்கும் என்றார். இரவு இரண்டு தடவை சத்தி எடுத்தான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. துப்பியதால் உள்ளே போனது மிகக் கொஞ்சம். இருந்தும் நாலு நாள் வைத்திருந்துதான் விட்டார்கள். ஏன் அவ்வளவு நாள் என்று நான் கேட்டேன். அந்த விளக்கத்தை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

இந்தக் கிழங்கில் இருப்பது கொல்சிசின். உடம்பில் செல்கள் பிரிந்து பெருகுவதையே நிறுத்துகிற நஞ்சு. சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. சில மணித்தியாலம் கழித்துத்தான் சத்தி, வயிற்றோட்டம் தொடங்கும். அது நின்றதும் சுகமாகிவிட்டது என்று நினைப்போம். ஆனால் நாள் போகப் போக எலும்பு மச்சையில் இரத்தம் உண்டாவது குறையும், சிறுநீரகம் பழுதாகலாம். பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு கிழமையில் தலைமுடி கொத்தாக உதிரும். அவித்தாலும் போகாத நஞ்சு. நமது நாட்டில் இதை வேறு கிழங்கென்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு மௌத்தானவர்கள் இருக்கிறார்கள்.

இதே கொல்சிசினைத்தான் குளிசையாக்கி கவுட் வருத்தக்காரருக்கு டொக்டர்மார் கொடுக்கிறார்கள். கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே கத்துகிற வலி இருக்கிறதே, அதற்கு. தமிழ்நாட்டில் இந்தக் கொடியை, அங்கே செங்காந்தள் என்பார்கள், விதைக்காகவே தோட்டம் தோட்டமாகப் பயிரிட்டு மருந்துக் கம்பனிகளுக்கு அனுப்புகிறார்கள். நம் நாட்டு வைத்தியர்களும் கலப்பைக் கிழங்கு என்று இதைப் பாவிப்பார்கள். ஆனால் சுத்தி செய்யாமல் தொட மாட்டார்கள்.

வார்ட்டில் அவன் பக்கத்தில் இருந்த அந்த இரவு என் மூத்தம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். அவரது குசினியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் வேர்க்கொம்பு, வசம்பு, மஞ்சள், அரத்தை, கச்சோலம். முக்கால்வாசி மண்ணுக்குக் கீழே விளைந்த தண்டுகள். அன்றைக்கு எனக்கு அது தெரியாது, எல்லாமே வேர் என்றுதான் நினைத்தேன். நாம் வைத்த பேரும் அப்படித்தானே. காய்ந்த இஞ்சிக்கு வேர்க்கொம்பு என்கிறோம். அது வேருமில்லை, கொம்புமில்லை.

தடிமல் என்றால் மல்லியும் வேர்க்கொம்பும் இடித்து அவித்த தண்ணி. காய்ச்சல் கடுமை என்றால் கடையில் பஸ்பங்குவ வாங்கி வரச் சொல்வார். மல்லி, வேர்க்கொம்பு, பற்பாடகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள், இந்த ஐந்தும்தான் அதில். பச்சை இஞ்சியை விட வேர்க்கொம்பு ஏன் உறைக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இஞ்சியைக் காய வைக்கும்போது அதிலுள்ள ஜிஞ்சரோல் என்ற பொருள் ஷோகோலாக மாறுகிறது, அது இன்னும் காரம். மூத்தம்மாவுக்கு இந்தப் பேர்கள் தெரியாது. ஆனால் சத்திக்குப் பச்சை இஞ்சிச் சாறு, சளிக்குக் காய்ந்தது என்று பிரித்துத்தான் கொடுப்பார். வயிற்றில் பிள்ளையோடு எனக்குக் காலையில் தலை சுற்றிக் குமட்டிய நாட்களில் உம்மா தந்த இஞ்சிப் பிளேன்டீதான் என்னைப் பாடசாலைக்கு அனுப்பியது. அதற்கு இஞ்சி உதவும் என்று இன்றைய வைத்தியமும் ஒத்துக்கொள்கிறது. இஞ்சியின் பேர் குர்ஆனிலும் வருகிறது. ஸூரத்துல் இன்ஸானில் ஸன்ஜபீல் என்று, சுவர்க்கத்துப் பானத்தோடு சேர்த்து. எங்கள் வீட்டில் நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி தட்டும்போது உம்மா அதைச் சொல்லாமல் விட மாட்டார்.

ஒரு செடி ஏன் தண்டை மண்ணுக்குள் புதைத்து வைக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கும்போதுதான் எனக்கே இதன் கணக்கு புரிந்தது. மழை நின்று வெயில் வந்தால் மேலே இருக்கிறதெல்லாம் காய்ந்து போகும். அடுத்த மழை வரைக்கும் உயிரையும் சாப்பாட்டையும் கீழே சேமித்து வைக்க வேண்டும். சேமித்தால் சும்மா விடுவார்களா? எலி, பன்றி, புழு, பூஞ்சை எல்லாம் தேடி வரும். ஆகவே காவலுக்கு ஒரு சரக்கு வேண்டும். இஞ்சி காரத்தை வைத்தது. கரணை, வாயில் வைத்தால் அரிக்கிற ஊசிப் பளிங்குகளை வைத்தது, அதற்குத்தான் நாம் புளி விட்டுச் சமைக்கிறோம். கார்த்திகைப்பூ கொல்சிசினை வைத்தது. நாம் மருந்து என்று எடுப்பது அந்தக் காவல்காரனின் ஆயுதத்தைத்தான்.

இதனால்தான் வசம்புக் காப்பு கொண்டு வந்த பிள்ளையிடம் நான் ஒன்று சொல்லி அனுப்பினேன். நம் பகுதியில் பிள்ளை பிறந்தால் வசம்பு இல்லாத வீடு குறைவு. பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பேர். காப்பாகக் கையில் கட்டுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளை வாயில் வைத்துச் சப்பாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஆனால் விளக்கில் சுட்டு, கல்லில் உரைத்து, நாக்கில் தடவுகிறோமே, அது வேறு கதை. வசம்பில் பீட்டா அசரோன் என்று ஒன்று இருக்கிறது. மிருகங்களில் சோதித்தபோது புற்றுநோய் உண்டாக்கியது. அதனால் அமெரிக்காவில் 1968இலேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். பச்சைப் பிள்ளைக்கு எவ்வளவு உரைக்கிறோம் என்று அளவும் இல்லை. கூடினால் சத்தி, மயக்கம்.

என் மூத்த பிள்ளைக்கு நாற்பது முடியுமுன் மாமி வசம்பு உரைத்துக்கொண்டு வந்தார். மிட்வைஃப் முதல்நாள்தான், ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிப் போயிருந்தார். நான் வேண்டாம் என்றேன். மாமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "உன்ட மாப்பிள்ளைய நான் எத ஊட்டி வளர்த்தன்?" என்று கேட்டார். அதற்கும் எனக்குப் பதில் இல்லை. வளர்ந்துதான் இருக்கிறார். ஆனால் பிழைத்த பிள்ளைகளைத்தானே நாம் கண் முன்னால் பார்க்கிறோம்.

மூத்தம்மாவை நான் குறைவாகச் சொல்லவில்லை. அவர் தன் டின்னில் இருந்த ஒவ்வொன்றையும் இலையோடும் பூவோடும் தெரிந்தவர். எது யாருடைய வளவில் விளைந்தது என்று தெரிந்தவர். தெரியாததை எடுக்க மாட்டார். நமக்கு அந்த டின் இருக்கிறது, அந்த அறிவு இல்லை. போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வேலியில் கிண்டுகிறோம்.

மஞ்சளைப் பற்றியும் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு முடியாது. 2020இல் இறக்குமதியை நிறுத்தியபோது கிலோ ஐயாயிரம் ரூபாய் வரை போனதே, மறந்திருக்க மாட்டீர்கள். கடல் வழியாகக் கடத்தி வந்த மஞ்சள் மூட்டைகளை நேவி பிடித்த செய்தி நாளுக்கு நாள் வந்தது. கடைத் தூளில் மாவைக் கலந்தார்கள். அந்தக் காலத்தில்தான் நானும் உர பேக்கில் மண் போட்டு நாலு துண்டு நட்டேன். ஒன்பது மாதம். இலை பழுத்துச் சாய்ந்த பிறகு கிண்டினால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அவித்துக் காய வைத்து இடித்தபோது வீடே மணந்தது. மஞ்சள் விதை போட்டு முளைக்கிற செடி அல்ல. துண்டிலிருந்து துண்டாகத்தான் வருகிறது. நான் நட்ட துண்டு உம்மா தந்தது, உம்மாவுக்கு மூத்தம்மா தந்தது. அப்படிப் பார்த்தால் என் பேக்கில் இருப்பதும் மூத்தம்மாவின் வளவில் இருந்த அதே செடிதான். அது சாகவே இல்லை.

மஞ்சள் விசயத்திலும் ஒரு அளவு உண்டு. கறிக்குப் போடுவது வேறு, போத்தலில் வருகிற செறிவான மஞ்சள் குளிசை வேறு. மஞ்சளில் உள்ள குர்குமின் உடம்பில் லேசில் சேராது. மிளகு சேர்த்தால் சேருவது கூடும். அதனால் அந்தக் குளிசைகளில் மிளகுச் சத்தையும் போடுகிறார்கள். அப்படியானவற்றைச் சாப்பிட்டுச் சிலருக்கு ஈரல் பழுதான கேஸ்கள் வைத்தியர்கள் மத்தியில் பதிவாகி இருக்கின்றன. இருதய வருத்தத்துக்கு இரத்தம் உறையாமல் குளிசை குடிக்கிறவர்கள் இஞ்சி, மஞ்சள், உள்ளியை மருந்தளவில் எடுக்கிறதென்றால் கிளினிக்கில் சொல்லிவிட்டு எடுங்கள். என் வாப்பா சொல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தார். உம்மா காட்டிக் கொடுத்துவிட்டார்.

இனி அந்தப் பிள்ளையின் கதை. ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவன் உம்மா என்னைப் பேசவே விடவில்லை. "நீங்க கோல் எடுக்காட்டி டீச்சர்…" என்று தொடங்கி, முடிக்காமல் குசினிக்குப் போய்விட்டார். கட்டாரிலிருந்து வாப்பா வீடியோ கோலில் வந்தார். அவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவில்லை.

பிறகு நாங்கள் வேலிக்குப் போனோம். அவன் இடத்தைக் காட்ட, பக்கத்து வீட்டுக் காக்கா மண்வெட்டியோடு வந்தார். நான் பொலித்தீன் பையைக் கையில் சுற்றிக்கொண்டேன். ஏழு கிழங்கு வந்தது. காய்ந்த கொடியின் நூல் ஒன்றில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைக் காட்டி, "டீச்சர், இந்த நுனியில அரும்பு இரிக்கி. அப்ப இதுவும் தண்டுதானே?" என்று கேட்டான்.

ஆமாம், தண்டுதான் என்றேன்.

நோன்பு லீவு முடிந்து அதே பாடத்தைத் திரும்ப எடுத்தேன். இம்முறை கிழங்குகளை நானே கொண்டு போனேன். ஒருவரும் எதையும் வாயில் வைக்கவில்லை. கரும்பலகையில் முதல் படமாகக் கார்த்திகைப்பூவை, கிழங்கோடு சேர்த்து வரைந்தேன். தமிழ் டீச்சர் வந்து பூவின் இதழைத் திருத்திக் கொடுத்தார். என் இதழ்கள் கீழே தொங்கின, அவை மேல்நோக்கி வளைய வேண்டுமாம்.

உங்கள் வளவுப் பக்கமும், கடற்கரைப் பற்றைப் பக்கமும் இந்தக் கொடி இருந்தால் பூக்கிற மாதத்திலேயே பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டி வையுங்கள். கொடி காய்ந்த பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால், சத்தி வரட்டும் பார்ப்போம் என்று நிற்காமல், மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடியுங்கள்.